தையல்காரரைக் கொன்றது தொடர்பாக மாப்பிள்ளைக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இரண்டே பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிற மாப்பிள்ளையின் நலத்தைக் கடிதம் போட்டுக் கேட்கிற நிலைமைக்கு முழுக் காரணமும் நானே என்பதால், அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கண்ணாடிக் கடை, கடைக்கு வருகிறவர்களின் கண்கள், உங்கள் ஸ்கூட்டர் எல்லாம் நல்லபடியாக இருக்கட்டும். உங்கள் மனைவி, அதாவது என் மகள், போன வாரமும் இந்த வாரமும் தனியாகத்தான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். "அவருக்குக் கடையில வேலைப்பா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைக்கு விடுமுறை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால், உங்கள் வாயில்தான் ஆரம்பித்தது. அதாவது, அது திறக்காததில். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும், விலாசத்துக்கும் இடமிருக்கும். "ஆமா மாமா." "இல்ல மாமா." "பரவால்ல மாமா." நானோ காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மோதிய லாரி, எரிந்த கிடங்கு, இடிந்த சுவர், எதைப் பார்க்கப் போனாலும் பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்து முழு விஷயத்தையும் கறந்துவிடுவேன். உங்களிடம் மட்டும் என் வித்தை பலிக்கவே இல்லை. இதை மகளிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் சிரித்தாள். "அப்பா, அவரு பேசுற இடம் வேற. கல்தோளன் குழுவுல போய்ப் பாருங்க, வாயே மூட மாட்டாரு" என்று சொல்லி, என் கைப்பேசியைப் பிடுங்கி அவளே என்னைச் சேர்த்தும் விட்டாள். அன்றைக்கு அந்தக் கைப்பேசி கழிவறையில் விழுந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே போய்ப் பார்த்தால் முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எப்போதோ நின்றுபோன ஒரு படக்கதைப் பத்திரிகை. அதில் வந்த கல்தோளன் என்கிற வீரன். எவ்வளவு பெரிய பாரத்தையும் தோளில் தாங்குவான், ஆனால் தாங்கிக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அவனைச் சின்ன வயதில் படித்தவர்கள், வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் அவனை விட மனமில்லாமல், ஆளுக்கொரு கதையாக எழுதி எழுதி அவன் வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கதையில் கல்தோளனுக்குக் காலில் அடிபட்டால் அடுத்தவர் கதையில் அவன் நொண்ட வேண்டும். வெளியான கதையில் நடந்தது நடந்ததுதான். அழிக்கக் கூடாது, கனவு என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, செத்தவருக்கு இரட்டைச் சகோதரர் வரக் கூடாது. இதையெல்லாம் கண்காணித்து, ஒவ்வொரு கதையின் கீழும் "முரண்பாடு இல்லை. சேர்க்கப்பட்டது" என்று முத்திரை போடுகிறவர் காலக்கணக்கர். அந்தக் காலக்கணக்கர் நீங்கள். அங்கே நீங்கள் எழுதியிருந்த குறிப்புகளை வாயைப் பிளந்துகொண்டு படித்தேன். கல்தோளன் எந்தத் தோளில் முதலில் பாரம் ஏற்றுவான் என்பது பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். என் வீட்டில் வந்து உட்கார்ந்து "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதரா இவர் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

சும்மா படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். என் கை சும்மா இருக்கவில்லை. நானும் ஒரு கதை எழுதினேன். மேம்பாலம் ஒன்று சரிகிறது, கல்தோளன் தாங்குகிறான். அதோடு நிறுத்தத் தெரியாமல், பாலத்தின் மேல் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் என்ன சேதம், கண்ணாடி மாற்றலாமா கதவையே மாற்ற வேண்டுமா, காவல் நிலையத்தில் எப்போது புகார் பதிவானது என்று வரிசையாக எழுதிவிட்டேன். பல் டாக்டர் ஒருவர் இருக்கிறாரே, அவர் கீழே வந்து, "கதை நன்று. இழப்பீடு எப்போது கிடைக்கும்?" என்று எழுதினார். அவருக்கு என்ன யோக்கியதை? அவர் எழுதுகிற கதையில் வில்லன்கள் எல்லோரும் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அம்மாள் சிரிப்புப் பொம்மை போட்டார். அந்த அம்மாள் கதையில் கல்தோளன் சண்டைக்கு நடுவே திரும்பும்போதுகூட முதலில் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவான். அதற்கு யாரும் சிரிப்பதில்லை. நீங்கள் மட்டும்தான் கேலி செய்யாமல், "பாலத்தின் பெயர் முந்தைய கதையோடு பொருந்துகிறது. கவனத்துக்கு நன்றி மாமா" என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியை உங்கள் அத்தைக்கு எத்தனை தடவை படித்துக் காட்டினேன் என்று அவளைக் கேளுங்கள். உங்களிடமிருந்து இன்னும் நாலு வரி வாங்கிவிட வேண்டும் என்கிற ஆசை அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது. மறுபடி மகளிடம் போய் நின்றேன். "யாராவது செத்தாதான்ப்பா அழுவாங்க. அழுதாதான் படிப்பாங்க" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் வினையாக எடுத்துக்கொண்டேன்.

யாரைக் கொல்வது என்று ஒரு வாரம் ஊர் முழுக்கத் தேடினேன், கல்தோளனின் ஊரைச் சொல்கிறேன். கல்தோளனைத் தொடக் கூடாது. வில்லனைக் கொன்றால், அவனை வைத்துத் தொடர் எழுதுகிற டிரைவிங் ஸ்கூல் அம்மாள் என்னைச் சும்மா விடமாட்டார். அப்போதுதான் அந்தத் தையல்காரர் கண்ணில் பட்டார். பழைய பத்திரிகையில் அவர் கிடையாது. நீங்கள் உங்கள் கதை ஒன்றில் கொண்டுவந்தவர். பாரம் தாங்கித் தாங்கிக் கல்தோளனின் உடுப்பு தோளில் கிழிந்துபோகும் அல்லவா, அதைத் தைத்துக் கொடுக்கிற மனிதர். மாடிப்படிக்கு அடியில் கடை. ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டே பேசுவார். எப்படிக் கிழிந்தது என்று ஒரு நாளும் கேட்கமாட்டார். எல்லோர் கதையிலும் ஒரு பத்தி வந்துவிட்டுப் போவார். பெயர் இல்லை, மனைவி இல்லை, வீடு எங்கே என்று யாரும் எழுதவில்லை. பின்னால் நின்று அழ ஆளில்லாத மனிதர், இவர் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நான் மதிப்பிட்டேன் மாப்பிள்ளை. என் வேலைக் காலம் முழுவதிலும் இப்படி ஒரு தப்பான மதிப்பீடு நான் செய்ததில்லை.

நன்றாகவே எழுதினேன், அதுதான் கொடுமை. பழைய சந்தைக் கட்டடம் இடிகிறது. கூரையைக் கல்தோளன் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறான், உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடுகிறார்கள். தைத்து முடித்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரர் அவனைத் தேடி எதிர்த் திசையில் உள்ளே வருகிறார். அந்தப் பக்கம் ஓர் உத்திரம் சரிகிறது. கல்தோளன் பார்க்கிறான், ஓர் அடி எடுத்து வைத்தால் அவரைக் காப்பாற்றலாம், வைத்தால் கூரை விழும். அவன் நிற்கிறான். இதோடு முடித்திருந்தால்கூடப் பின்னால் எதையாவது சொல்லி அவரைப் பிழைக்க வைத்திருக்கலாம். ஆனால் என் பழக்கம் என்னை விட்டதா? காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவரைக் கதைக்குள் வரவழைத்தேன், என்னையேதான். உத்திரத்தின் எடை, விழுந்த கோணம், டாக்டரின் சான்றிதழ், நேரில் பார்த்தவர்களின் கையெழுத்து, எல்லாவற்றையும் அவரை வைத்து எழுதினேன். நடந்ததைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதுவதற்குத்தானே என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். கடைசி வரியில் அந்த மதிப்பீட்டாளர், "இறந்தவருக்கு உறவினர் எவரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசகர்கள் குமுறிக் குமுறி அழுதார்கள். பல் டாக்டர், நோயாளியைக் காத்திருக்க வைத்துவிட்டு அழுததாக எழுதினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாப் பாராட்டுக்கும் கீழே, கடைசியில், உங்கள் முத்திரை விழுந்தது. "முரண்பாடு இல்லை. சேர்க்கப்பட்டது." அவ்வளவுதான். நன்றி மாமா என்று இல்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மகள் வந்தாள். உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே சமையலறை வாசலில் நின்றாள். "கதை படிச்சியாம்மா?" என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன். "அப்பா, அந்த டெய்லர் அவரோட அப்பாப்பா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "எந்த டெய்லர்?" என்றேன். "நீங்க கொன்னீங்களே, அவருதான். அவங்கப்பாவ அப்படியே எழுதி வெச்சிருந்தாரு. படிக்கட்டுக்கு அடியிலதான் அவங்க கடை. இவரு காலேஜ் படிக்கும்போது போய்ட்டாரு. இந்தக் கதையிலயாவது இருக்கட்டும்னு வெச்சிருந்தாருப்பா." உங்கள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரிட்டயர் ஆனவங்க செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, பேப்பர் படிப்பாங்க. நீங்க சம்பந்தியக் கொன்னுட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள். உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் ஒன்றுதான் எனக்குத் தெரியும். இத்தனை நாளில் அவர் என்ன தொழில் செய்தார் என்றுகூட உங்களிடம் நான் கேட்டதில்லை. லாரிக்காரனிடமும் கிடங்குக் காவலாளியிடமும் ஆயிரம் கேள்வி கேட்டவன், சொந்த மாப்பிள்ளையிடம் அந்த ஒன்றைக் கேட்கவில்லை. நீங்கள் பேசவில்லை பேசவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, நான் எதைக் கேட்டேன் உங்களிடம்?

அப்போதே உங்கள் கடைக்கு ஓடி வந்து கையைப் பிடித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, உடைத்தவனே ஒட்டவைக்கப் புறப்பட்டேன். கல்தோளனைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பலாமா என்று குழுவில் கேட்டேன். பல் டாக்டர் முன்பு ஒரு தடவை அப்படி அனுப்பி, கல்தோளன் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் நின்றுவிட்டதால் அதற்குத் தடையாம். டாக்டர் சான்றிதழ் பொய் என்று சொல்லலாமா என்று கேட்டேன். அதன் கீழே இன்னொரு டாக்டரின் கையெழுத்தையும் நானே வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் ஒரே வழி, வாக்கெடுப்பு. பெரும்பான்மை வந்தால் விதியைத் தளர்த்தலாம், செத்தவர் எழுந்து வரலாம். நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்காத குறை. பல் டாக்டரைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்காராமல் பேச மாட்டேன் என்றார், உட்கார்ந்ததும் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார், ஓட்டு மட்டும் தரவில்லை. டிரைவிங் ஸ்கூல் அம்மாளுக்கு வகுப்பு நேரத்தில்தான் ஓய்வாம். பின் இருக்கையில் உட்கார்ந்து தையல்காரருக்காக மன்றாடிக்கொண்டிருந்தேன், ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண் நான் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கி வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாள். பழக்க தோஷத்தில் நான் இறங்கி முன் பம்பரைக் குனிந்து பார்க்க, அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம். ஆனாலும் ஓட்டுப் போட்டார். ஏன் இவ்வளவு துடிக்கிறேன் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் காரணத்தைச் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம்.

வாக்கு சரிசமமாக நின்றது. அப்படி நின்றால் காலக்கணக்கரின் ஓட்டுதான் முடிவு என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உங்கள் அத்தையும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் ஓட்டு வந்தது. "இறந்தவர் இறந்தவர்தான். விதியில் மாற்றம் இல்லை." உங்கள் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அவரைக் கொன்றதைவிட இதுதான் பெரிய பாவம் மாப்பிள்ளை. அப்பா செத்துவிட்டார் என்று உங்கள் கையாலேயே எழுத வைத்துவிட்டேன். விதியைத் தளர்த்தி அவரைத் திரும்ப வாங்கிக்கொள்ள உங்களால் முடிந்திருக்கும், ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே உங்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அதற்கு அடுத்த நாள் நான் கடைக்கு வந்தது நினைவிருக்கும். கண்ணாடிக் காம்பு தளர்ந்துவிட்டது என்று சொன்னேன். தளரவில்லை, வழியில் நானே திருகித் தளர்த்தினேன். நீங்கள் சின்னத் திருப்புளியை எடுத்து முடுக்கி, துணியால் துடைத்து, என் கையில் கொடுக்காமல் நீங்களே என் காதில் மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தீர்கள். "சரியா இருக்கா மாமா?" என்றீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் பக்கத்தில் ஓர் அம்மாள் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது, எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே இந்தக் கடிதம். நான் செய்தது தப்பு. தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதுமாக இருந்தது. இனிமேல் கல்தோளனைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். அந்தக் குழுவிலிருந்து இன்றே விலகுகிறேன், அதிலிருந்து எப்படி விலகுவது என்று எனக்கு மகள் வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். தையல்காரர் யார் என்பது நம் வீட்டு ஆட்களைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது, என் உயிர் உள்ளவரை என் வாயிலிருந்து அது வெளியே வராது. நீங்கள் பழையபடி வந்து "பரவால்ல மாமா" என்று மட்டும் சொன்னால் போதும். சொல்ல மனம் வராவிட்டால் சொல்ல வேண்டாம், சாப்பிட மட்டும் வாருங்கள். உங்களுக்கும் என் மகளுக்கும் எந்தக் குறையும் வராமல், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். உங்கள் அத்தை உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். என்னை மன்னிக்க வேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, ஒரு பெரிய விபரீதம் நடந்துவிட்டது. எனக்கு நீளமாக எழுத வருகிற ஒரே இடம் அந்தக் குழுவின் கதை எழுதும் பெட்டிதான் என்பதால் இந்தக் கடிதத்தையும் அதில்தான் அடித்தேன், அச்செடுத்துத் தபாலில் போடலாம் என்று. முடிக்கும் நேரத்தில் உங்கள் அத்தை கூப்பிட்டாள், சேமிக்கிறேன் என்று வேறு எதையோ அழுத்திவிட்டேன். கடிதம் முழுவதும் கதையாக வெளியாகிவிட்டது. வெளியானதை அழிக்க முடியாது, கீழே சேர்க்க மட்டும்தான் முடியும் என்பதால் இந்தப் பின்குறிப்பையும் எல்லோரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் ஐயா மன்னிக்கவும், அம்மா நீங்களும் மன்னிக்கவும். ஒரு வரி எழுதமாட்டேன் என்று சொன்னவன் இதுவரை அந்தக் குழுவில் வந்ததிலேயே நீளமான கதையை எழுதியிருக்கிறேன். ரகசியமும் போயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கீழே உங்கள் முத்திரை விழுந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அதில் முரண்பாடு உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். "முரண்பாடு உண்டு. ஆயினும் சேர்க்கப்பட்டது. சந்தைக் கட்டடக் கதையில், இறந்தவருக்கு உறவினர் எவரும் இல்லை என்று மதிப்பீட்டாளர் எழுதியது பிழை. அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. தையல்காரருக்கு ஒரு மகன் உண்டு. இனி எழுதுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்." என் அறிக்கையை இதுவரை ஒருவரும் தவறு என்று திருப்பி அனுப்பியதில்லை மாப்பிள்ளை. இது நியாயமான தீர்ப்பு, ஒப்புக்கொள்கிறேன். மகனுக்கு என்ன வயது, என்ன செய்கிறான் என்று டிரைவிங் ஸ்கூல் அம்மாள் கேட்டிருக்கிறார். நான் பதில் எழுதவில்லை, அது நீங்கள் எழுத வேண்டியது. நாளைக்குக் கடை திறந்ததும் நான் வந்து உட்காருகிறேன், இந்தத் தடவை கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. கூட்டம் குறைந்த பிறகு சொல்லுங்கள். வீட்டில் அவரை என்னவென்று கூப்பிடுவார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.